மன்னர் நேர்ந்த மீசை

கொன்றையாற்றுச் சீமையை ஆண்ட மருதவாண பூபதிக்கு இரண்டு விஷயங்களில் ஆசை அதிகம். ஒன்று பலாப்பழம். இன்னொன்று அவருடைய மீசை. மீசையா அது! இரண்டு அணில்கள் எதிரும் புதிருமாய்ப் படுத்திருப்பதுபோல இருக்கும்.

ஒருநாள் மனிதர் முழுப் பலாப்பழம் ஒன்றைத் தேனில் தோய்த்துத் தோய்த்துத் தனியாளாக உள்ளே தள்ளிவிட்டார். சும்மா விடுமா வயிறு? சாயங்காலம் பிடித்ததய்யா ஒரு வலி! கட்டிலில் உருண்டார், தரையில் புரண்டார். வைத்தியர் கையைப் பிசைந்தார். கடைசியில் மன்னர் ஊரே கேட்க அலறினார்:

"எல்லையம்மா! தாயே! இந்த வலியை எடுத்துவிடு. என் மீசையையே உனக்குக் காணிக்கை தருகிறேன்!"

வலி போயே போய்விட்டது. போன பிறகுதான் மன்னருக்குச் சொன்னது உறைத்தது. கண்ணாடியைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக ஆகிவிட்டார்.

பிரதானி சடையநாதர் மெல்லப் பக்கத்தில் வந்தார். சிரித்துக்கொண்டே குழி பறிக்கிற ஆசாமி அவர்.

"அரசே, இதற்கா கவலை? தாங்கள் ஏர் பிடிக்கிறீர்களா, பல்லக்குத் தூக்குகிறீர்களா? எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. இதற்கும் ஒரு ஆளை அனுப்பினால் போயிற்று. அம்மனுக்கு வேண்டியது மீசை. யார் மீசையானால் என்ன?"

"அட! நல்ல யோசனைதான். யாரை அனுப்பலாம்?"

"நம் கூத்தபிரான் இருக்கிறாரே! தங்கள்மேல் உயிரையே வைத்திருப்பவர். மீசையை வைக்க மாட்டாரா?"

கூத்தபிரான் அரசவையின் விகடகவி. மன்னர் அவர் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும்போதெல்லாம் பிரதானிக்கு வயிறு எரியும். இன்றைக்கு அவரை வகையாக மாட்டிவிட்டார்.

கூத்தபிரான் பதறிப்போனார். "அரசே! நம் சீமையில் தகப்பன் கண்ணை மூடினால்தான் மகன் மீசையை எடுப்பான். என் அப்பா இப்போதுதான் காய்ச்சலிலிருந்து எழுந்து கஞ்சி குடிக்கிறார். நான் மொழுக்கென்று போய் நின்றால், தாம் போய்விட்டதாகவே நினைத்து நிஜமாகவே போய்விடுவார். அவரைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?"

 மன்னர் கொஞ்சம் தயங்கினார். ஆனால் கை மீசைக்குப் போனது, மனம் கல்லாகிவிட்டது.

"அரச கட்டளை, கூத்தபிரான். நாளைக் காலை கோயிலுக்கு வந்துவிடும்."

கூத்தபிரான் குனிந்து வணங்கினார். பிறகு, "சரி அரசே. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. நிலம் கைமாறினாலும் மாடு கைமாறினாலும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்கிறோம். வேண்டுதலையும் அப்படியே அம்மன் முன்னால் என்னிடம் ஒப்படையுங்கள்" என்றார்.

"அவ்வளவுதானே? ஆகட்டும்!"

மறுநாள் கோயிலில் நல்ல கூட்டம். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். மன்னர் வெற்றிலை பாக்கை நீட்டி, "என் வேண்டுதலை உம்மிடம் ஒப்படைத்தேன்" என்றார். கூத்தபிரான் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சந்நிதியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தாயே! நன்றாகக் கேட்டுக்கொள். மன்னருக்கும் உனக்கும் இருந்த பேச்சு இன்றோடு முடிந்தது. இனி அது எனக்கும் உனக்கும். கொடுக்க வேண்டிய மீசையும் என்னுடையது, நீ கொடுத்த குணமும் என்னுடையது. ஆனால் பார், எனக்கு வயிற்றுவலியே கிடையாது! குணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதைத் திருப்பி எடுத்துக்கொள். வலியை எங்கிருந்து எடுத்தாயோ அங்கேயே..."

மன்னர் வயிற்றில் 'குடகுட' என்று ஒரு சத்தம்.

"நிறுத்துமய்யா!" மன்னர் பாய்ந்து வந்து வெற்றிலையைப் பிடுங்கினார். முகமெல்லாம் வியர்வை.

பிரதானி விடவில்லை. "அரசே, இது வெறும் ஜாலம்! நாம் மாற்றியது பாரத்தை மட்டும்தான். குணம் தங்களிடமே இருக்கும். அம்மனுக்கு யார் மீசை கிடைத்தால் என்ன?"

"பிரதானியாரே, வாக்குக் கொடுத்தவர் ஆளை மாற்றினால், வாங்கியவர் சம்மதிக்க வேண்டாமா?" என்றார் கூத்தபிரான். "அம்மன் ஒப்புக்கொண்டது மன்னர் மீசையைப் பார்த்து. என் மீசையைப் பாருங்கள், நாலு முடி! இதைக் காட்டியிருந்தால் அவள் ஒரு விக்கலைக்கூட நிறுத்தியிருக்க மாட்டாள். இல்லை, யாரானாலும் சரி என்றால் தாங்களே வெற்றிலையை வாங்கிக்கொள்ளுங்களேன்!"

பிரதானி தம் மீசையைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மன்னருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நேர்ந்தவன் நான். நானே கொடுக்கிறேன்" என்று மணையில் உட்கார்ந்தார். "கூத்தபிரான், உம் அப்பா நூறு வயது இருக்கட்டும்."

மீசை போயிற்று. மன்னர் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். தடவ ஒன்றும் இல்லை.

"நாளைக்கு என் மகளைப் பெண் கேட்டுச் சம்பந்தி வீட்டார் வருகிறார்களே! இந்த முகத்தோடு சபையில் மிடுக்காக மீசையை எப்படியய்யா முறுக்குவேன்?"

"அது வேண்டுதல் இல்லையே அரசே, வெறும் வேலை! வேலைக்கு ஆள் வைக்கலாம் என்று பிரதானியார்தான் சொன்னாரே. அவர் மீசையும் பத்திரமாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார வையுங்கள். தாங்கள் இருமினால் அவர் முறுக்கட்டும்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டார்.

மறுநாள் சபை கூடியது. சம்பந்தி வீட்டார் வந்து அமர்ந்தார்கள். மன்னர் இருமினார், பிரதானி முறுக்கினார். என்ன செய்வது, மீசை இல்லாத முகத்தில் காற்றுப் பட்டு மன்னருக்கு அன்றைக்கென்று பார்த்து நாள் முழுக்க ஓயாத இருமல்!