வணங்கிய முதுகு

இந்தக் கதையைப் பல வருஷம் நான் நம்பவில்லை. சொன்னவர் வில்லுப்பாட்டு அண்ணாவி சடையப்பர். அவர் நாக்குக்கும் உண்மைக்கும் பங்காளிச் சண்டை.

முன்னொரு காலத்தில் கீழைவெளி நாட்டை மாறவேள் என்றொரு மன்னன் ஆண்டான். நினைத்தால் பல்லக்கு, முறைத்தால் கழுமரம். அவனுடைய பரிசோடு தேனூர் அரண்மனைக்குப் போன வீரன் செங்கோடன், முதுகில் அம்புக் காயத்தோடு திரும்பினான். பலகையில் குப்புறக் கிடந்த அவனுக்குச் சபையில் எல்லோருடைய கால்களும்தான் தெரிந்தன.

தண்டை போட்ட கால் தளபதி அதிரனுடையது. "மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண். ஓடியிருந்தால் இவனைக் கழுவில் ஏற்றுங்கள். ஓடவில்லையென்றால் தேனூரார் சதி, போர்தான்!"

தேனூர்த் தூதனின் கால்கள் ஓரடி முன்னே வந்தன. "மகாராஜா, எங்கள் அரண்மனை வாசலில் நடந்த பயிற்சியில் சுரைக்காய்க்குக் குறிவைத்த அம்பு, கை தவறிவிட்டது."

"கழுவா, போரா? என் வாயிலிருக்கும் வெற்றிலை தீர்வதற்குள் சொல்லும், தாண்டவராயரே!" என்றான் மன்னன்.



அமைச்சர் தாண்டவராயர் நிதானமாக வந்தார். "இவன் அங்கே யாருடைய வணக்கத்தைச் சொல்லப் போனான், மன்னா?"

"என்னுடையதை."

"வணங்கினால் முகம் அரியணைப் பக்கம், முதுகு வாசல் பக்கம். வணக்கம் தங்களுடையதென்றால் வளைந்த முதுகும் தங்களுடையதுதானே? தளபதியார் யார் முதுகைக் கழுவில் ஏற்றச் சொல்கிறார்?"

மன்னன் வெற்றிலையை விழுங்கிவிட்டான். தண்டைக் கால்கள் பின்வாங்கின.

செங்கோடன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "பேசாதேடா, புண் வலிக்கும்" என்றார் அமைச்சர்.

"சரி, போர்?" என்றான் மன்னன்.

"சுரைக்காயைக் குறிவைத்து விருந்தாளியை அடிப்பவர்களோடா? நம் யானைக்குக் குறிவைப்பார்கள், சமையற்காரன் சாவான். பட்டினியிலேயே தோற்றுப்போவோம், மன்னா!"

மன்னன் விழுந்து விழுந்து சிரித்தான். தூதனும் மூச்சு விட்டான்.

"தூதரே, புண் ஆறும்வரை வைத்தியம் உங்கள் செலவு. பதிலுக்கு நல்ல வில்லாசான் ஒருவரை அனுப்புகிறேன். அதிரா, கிளம்பும்! சுரைக்காயில் அம்பு தைக்கும்வரை அங்கேயே இரும்!"

பிறகு மன்னன் தன் பட்டுச் சால்வையை எடுத்துச் செங்கோடன் முதுகில் மெல்லப் போர்த்தினான். அவனுக்கு வலியிலும் சிரிப்பு வந்தது.

போன மாசி மாதம் கோயில் கொடை விழாவில் அண்ணாவியைப் பிடித்துக் கேட்டேவிட்டேன்: "எல்லாம் சரி அண்ணாவி, அம்பு பட்டபோது அவன் நிஜமாகவே வணங்கிக்கொண்டுதான் இருந்தானா?"

"பேசாதேடா, புண் வலிக்கும்" என்று கண்ணடித்தார் அண்ணாவி; அன்றுதான் இந்தக் கதையை நம்பினேன்.