மத்தி ஏலத்தில் ஒட்டிய நாக்கு

கஸ்பார் செயற்கை எச்சில் புட்டியைப் பல் மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்து மேசையில் வைத்தார்.

"இது வேணாம் டாக்டரே. நாக்கு மேலண்ணத்துல போய் ஒட்டிக்கிடுது."

வேதமுத்துவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

கஸ்பார் தூத்துக்குடியில் மீன் ஏலம் கூறுபவர். தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்ததில் எச்சில் வற்றிவிட்டது. வேதமுத்துவோ ஊரெல்லாம் பல் பிடுங்கி முடித்து, தலை நரைத்தபின் ஆய்வுக்கு வந்தவர். தன் எச்சிலை ஓர் இயந்திரத்தில் இட்டுச் சுழற்றி, அதன் பிசுபிசுப்பை அளந்து, அதே எண் காட்டிய புட்டியைத்தான் கஸ்பாருக்குக் கொடுத்திருந்தார். எண் பொருந்தாத இன்னொரு புட்டி அலமாரியில் கிடந்தது.

"எப்போ ஒட்டுது?"

"வஞ்சிரத்துக்கு ஒண்ணுமில்ல. மெதுவா இழுத்து இழுத்துக் கூப்பிடுவேன். மத்தி வந்தாத்தான் வம்பு. கூடை கூடையா மடமடன்னு போவணும். நேத்து பாதியிலே நாக்கு நின்னுபோச்சு. பக்கத்துல நின்னவன் கூவிட்டான். நாளைக்கும் நின்னா முதலாளி அவனையே வச்சுக்கிடுவாரு."

வேதமுத்து பேராசிரியை நூர்ஜகானை அழைத்து வந்தார். நூர்ஜகான் வயதில் இளையவர். ஆனாலும் இங்கே வேதமுத்து அவருக்கு மாணவர்.

"எத்தனை முறை அளந்தாலும் ஒரே எண் மேடம். அளவு தப்பே இல்லை."

"எந்த வேகத்தில் சுழற்றினீர்கள்?"

"மெதுவாக. அதில்தான் எண் ஆடாமல் நிற்கிறது."

நூர்ஜகான் ஒரு காகிதக் கோப்பையை நீட்டினார். வேதமுத்து திரும்பி நின்று துப்பினார்.

கஸ்பார் சிரித்தார். "ரோட்டுல துப்பினா அடிக்க வாரான். இங்க துப்பினா பட்டம் கொடுக்காங்க."

நூர்ஜகான் எச்சிலை இயந்திரத்தில் இட்டு வேகத்தைக் கூட்டினார். எண் சரிந்தது. இன்னும் கூட்டினார். இன்னும் சரிந்தது. வேகத்தைக் குறைத்ததும் பழையபடி ஏறியது.

கஸ்பாரின் புட்டியிலிருந்து எடுத்து இட்டார். வேகம் கூடியது, குறைந்தது. எண் அசையவில்லை.

"இயந்திரம் கெட்டுவிட்டதா?" என்றார் வேதமுத்து.

"இல்லை."

"அப்படியானால் புட்டியைத்தானே நம்பலாம்? எச்சில்தான் ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசுகிறது."

நூர்ஜகான் அலமாரிப் புட்டியை எடுத்து அளந்தார். வேகம் கூடக் கூட அதன் எண்ணும் இறங்கியது. அதில் சில சொட்டு கஸ்பாரின் நாக்கில் விட்டார்.

"மத்தி கூவுங்க அண்ணே."

கஸ்பார் தொண்டையைச் செருமினார். "மத்தி மத்தி மத்தி, போவுது கூடை போவுது, எடுக்கவன் எடு, நிக்கவன் நில்லு, போவுது போவுது போவுது..." கடைசிவரை நாக்கு நிற்கவில்லை. புட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வேதமுத்து முன்னைவிடக் குழம்பிப்போனார்.

"மேடம், வேகத்துக்கு வேகம் மாறினால் எச்சிலின் எண் என்று நான் எதைத்தான் எழுத?"

"நாளைக்கு என்ன மீன் வரும் என்று முதலில் அண்ணனிடம் கேட்டுச் சொல்லுங்கள்."