கிழித்துப் பார்க்கிற வேலை

“ஒட்டுற வேலை கத்துக்கலாம்னு வந்தேன் மேடம். நீங்க கிழிக்கச் சொல்றீங்க.”

சோணைமுத்து இதைச் சொன்னபோது அவர் கையில் குறடு இருந்தது. எதிரே வைஸ் என்கிற இடுக்கிப் பிடியில் இறுக்கிய ஒரு இரும்புத் தகடு. தகட்டின் மேல் பாதி கிழிந்த ரப்பர்.

வேலை சொல்லித்தருகிற பல்கீஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஒட்டியிருக்கான்னு கிழிச்சாத்தாண்ணே தெரியும்.”

சொல்லிவிட்டு, ரப்பரை அழுத்தி வேகவைக்கிற பிரஸ் பக்கம் போய்விட்டார்.

மதுரைக்குத் தெற்கே, தொழிற்பேட்டையில், தகரக் கூரை போட்ட சின்ன ரப்பர் கம்பெனி அது. இது குரு சீடர் கதைதான், ஆனால் ஆசிரமம், ஆலமரம் என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். இருக்கிற ஒரு ஃபேனும் அனலைத்தான் சுற்றிச் சுற்றி விடும். குருவைவிடச் சீடர் பதினைந்து வயது மூத்தவர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தம்பியோடு சேர்ந்து பரோட்டாக் கடை நடத்தியவர். தம்பியோடு பேச்சு நின்றது, கடையும் நின்றது. இந்த வயதில் இங்கே ஹெல்ப்பர்.

கம்பெனியில் செய்வது பஸ் என்ஜினைத் தாங்குகிற மவுண்ட். இரண்டு இரும்புத் தகடு, நடுவில் ரப்பர். என்ஜின் உதறுகிற உதறலையெல்லாம் ரப்பர் வாங்கிக்கொள்ளும். அது தகட்டை விட்டு விலகினால் என்ஜின் தொங்கிப்போகும்.

வந்த புதிதில் சோணைமுத்து நிறையக் கேட்டார். பளபளவென்று வரும் தகட்டின் மேல் இரும்புப் பொடியைப் பீய்ச்சி அடித்துச் சொரசொரப்பாக்குவதைப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை.

“நல்லா இருந்த தகட்டை ஏன் மேடம் புண்ணாக்குறீங்க?”

“வழவழப்புல எதுவும் நிக்காதுண்ணே.”

“இதைத் தொட்டுப் பாக்கவா?”

“வேணாம். கையில எண்ணெய் இருக்கும்.”

“சோப்புப் போட்டுக் கழுவியிருக்கேன்.”

“எம்புட்டுக் கழுவுனாலும் இருக்கும்.”

பரோட்டாக் கடைக்காரர் அதற்குமேல் வாதாடவில்லை.

இன்னொரு நாள், பசை பூசிய தகட்டையும் வேகாத ரப்பரையும் சேர்த்து அச்சுக்குள் வைத்து பிரஸ்ஸில் அழுத்தும்போது கேட்டார்.

“ரப்பரைத் தனியா வேகவச்சு எடுத்து, ஆற அமர ஒட்டுனா என்ன?”

“வெந்தது அப்படி ஒட்டாதுண்ணே. ரெண்டும் ஒண்ணாக் கிடந்து சூடு படணும்.”

எல்லாப் பதிலும் இவ்வளவுதான். குருவின் மௌனத்துக்கு ஆழமான காரணம் எதையும் தேட வேண்டாம். காலையிலிருந்து பிரஸ் சூட்டில் நிற்கிறவருக்கு வாய் திறக்கத் தெம்பு இருக்காது.

அன்று காலை ஒரு வேலையைக் கொடுத்திருந்தார்.

“ஒவ்வொரு லோடுலயும் ஒரு பீஸ் எடுத்து வச்சிருக்கேன். கிழிச்சுப் பாருங்க. நல்லதைப் பச்சைத் தட்டுல போடுங்க, கெட்டதைச் சிவப்புத் தட்டுல. பீஸ் நல்லா இருந்தாத்தான் லோடு வண்டியேறும்.”

எது நல்லது என்று சொல்ல மறந்துவிட்டார். இதுகூடவா தெரியாது என்று நினைத்துச் சீடரும் கேட்கவில்லை.

சோணைமுத்து கிழித்தார். ஓரத்தில் கத்தியால் கீறி, குறட்டால் கவ்வி, காலை ஊன்றி இழுக்க வேண்டும். தோள்பட்டை விட்டுப்போகும். சில பீஸ் ஒரே இழுப்பில் வந்தன. பெரும்பாலானவை வரவில்லை. பிய்ந்து பிய்ந்து, பிசிறு பிசிறாகத்தான் வந்தன.

மேசையில் இருந்த போன் அடித்தது. யாரென்று பார்த்தார். கவிழ்த்து வைத்தார்.

மறுபடி அடித்தது. பல்கீஸ் தண்ணீர் குடிக்க வந்தவர் நின்றார்.

“எடுங்களேண்ணே.”

“தம்பி பொண்டாட்டி பேச்சி.”

“அதுக்கு?”

சோணைமுத்து குறட்டை விடாமல் சொன்னார்.

“அவனுக்கு இன்னிக்கு இருதயத்துல ஆப்பரேசன். பெரியாஸ்பத்திரில. மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள கொண்டுபோறாங்க. அதுக்கு முன்னாடி என்னைய ஒரு தடவை பாக்கணும்னு சொல்றானாம்.”

“போகலையா?”

“போய் என்ன மேடம் ஆகப்போகுது?”

போன் அடித்து ஓய்ந்தது.

அவர் பேச ஆரம்பித்தார். கோபமில்லை. கோபப்படவும் களைத்துப்போன குரல்.

“ஒரே கல்லுல ரெண்டு பேரும் நின்னோம் மேடம். அவன் வீசுவான், நான் போட்டு எடுப்பேன். மேல கொட்டுன எண்ணெய் ரெண்டு பேருக்கும் ஒண்ணு. கடைசில என்னாச்சு? நடுரோட்டுல, கடைக்கு வந்தவன் போனவன் எல்லாம் பாக்க, என் சட்டையைப் பிடிச்சுக் கிழிச்சான். அழுதுகிட்டே கிழிச்சான். நானும் அவனை அடிச்சேன். செத்தாலும் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு கத்துனேன்.”

பல்கீஸ் பாட்டிலைத் திறந்தார்.

“எங்களுக்குப் பக்கத்துல ஒரு பேக்கரி. ரெண்டு பேரு கூட்டு. அவங்களும்தான் பிரிஞ்சாங்க. உக்காந்து டீ குடிச்சாங்க, கை குடுத்தாங்க, போயிட்டாங்க. ஒரு சத்தம் கிடையாது. பிரிஞ்சா அப்படில்ல பிரியணும்? எங்களுக்குள்ள ஒட்டவே இல்ல மேடம். இத்தனை வருசமும் சும்மா பக்கத்துல நின்னிருக்கோம். ஒட்டியிருந்தா இப்படியா பிய்யும்?”

பல்கீஸ் தண்ணீர் குடித்தார். பாட்டிலை மூடினார். பிரஸ் மணி அடிக்கவும் பதில் சொல்லாமல் போய்விட்டார்.

சோணைமுத்துவுக்கு வருத்தமாக இருந்தது. ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நினைத்தார்.

பிரஸ்ஸிலிருந்து இறக்கிய, சூடு ஆறாத மவுண்ட்களை அடுக்கிவிட்டு பல்கீஸ் திரும்பி வந்தபோது எல்லா பீஸும் கிழிக்கப்பட்டிருந்தன. சிவப்புத் தட்டில் குவியல். பச்சைத் தட்டில் ஏதோ கொஞ்சம்.

“பூராம் கெட்டுப்போச்சு மேடம்,” என்றார் சோணைமுத்து. “தேறுனது இம்புட்டுத்தான்.”

பல்கீஸ் தட்டுகளைப் பார்த்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“தட்டு மாறியிருக்குண்ணே.”

“மாறலையே. நான்தானே போட்டேன்.” பச்சைத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். “பாருங்க, எம்புட்டுச் சுத்தமாப் பிரிஞ்சிருக்கு. ஒரு பிசிறு இல்ல.”

பல்கீஸ் அதை வாங்கி அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

“இதுல ரப்பர் எங்க இருந்துச்சு?”

சோணைமுத்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். தகடு வெறுமையாக இருந்தது. ரப்பர் இருந்த இடமும் இல்லாத இடமும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

“தெரியலையே.”

பல்கீஸ் சிவப்புத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இதுல?”

அதைக் கேட்கவே வேண்டியதில்லை. தகடு முழுக்கக் கறுப்பாக, மேடும் பள்ளமுமாக, கிழிந்த ரப்பர் அப்பிக் கிடந்தது.

“அதைச் சொரண்டி எடுங்க.”

கையுறை விரலால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. கத்தியை எடுத்தார். கத்தி வழுக்கியது. உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். ரப்பர்தான் சின்னச் சின்னத் துணுக்காகச் சிதறியது. அடியில் இருந்தது அப்படியே இருந்தது. மூச்சு வாங்கியது அவருக்கு.

“வர மாட்டேங்குதே மேடம்.”

“வராது.”

“இழுக்கறப்பக் கிழிஞ்சிருச்சேன்னு கெட்டதுல போட்டேன்.”

“ரப்பர் கிழிஞ்சுச்சு. ஒட்டுனது விடலையே.”

சோணைமுத்து தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்கீஸ் பச்சைத் தட்டில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த லோடு என்று சாக்பீஸில் எழுதியிருந்ததைப் பார்த்தார். அந்த லோடுகள் எதுவும் இன்றைக்கு வண்டியேறாது. எவனோ கையுறை போடாமல் தகட்டைத் தொட்டிருக்கிறான். மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். நினைத்தாலே அவருக்குக் கால் வலித்தது.

“மேடம்.”

“சொல்லுங்கண்ணே.”

“இந்தத் தகட்டுல இருக்கற இது... எப்பத்தான் போகும்?”

“உலையில போட்டு எரிக்கணும்.”

“எரிச்சா?”

“அப்பப் போயிரும்.”

சோணைமுத்து சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று தாண்டியிருந்தது.

ரப்பர் அப்பிய அந்தத் தகட்டை எடுத்துப் பச்சைத் தட்டில் வைத்தார். கையுறையைக் கழற்றினார். கவிழ்ந்து கிடந்த போனைத் திருப்பினார். எண் தப்பிப்போய், மறுபடி அழுத்தினார்.

“பேச்சி... மாமாதாம்மா பேசுறேன். உள்ள கொண்டுபோயிட்டாங்களா?”

கேட்டார். கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடி மாட்டினார்.

“எந்த வார்டும்மா?”