நீலம் பிடித்த ஏழு பல்

சவரிராயனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது பொள்ளாச்சி பஸ்ஸின் ஜன்னலோரத்தில். வால்பாறையில் அன்று காலை பத்து மணிக்கும் பனி விலகவில்லை. அவர் மடியில் ஒரு பழைய துண்டு, துண்டுக்குள் ஒரு சாணைக்கல். விரிசல் விட்டிருக்கிறது, மாற்றி வருகிறேன் என்றார். முதலில் பஸ் பனிக்குள் போனது. அப்புறம் அதன் சத்தமும் போனது. ஐந்தாம் நாள் காய்ச்சலில் இறந்துவிட்டார்.

அவர் என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். எனக்குக் குரு அவர்தான். நான் அவரை மேஸ்திரி என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். இங்கே யாருக்கு யார் வணக்கம் வைக்க வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

மரம் அறுக்கும் மெஷின் வாளின் செயினுக்குச் சாணை பிடிக்கிற கடை அது. சுவரில் மூன்று ஆணி, மூன்று கல். சின்னச் செயினுக்கு மெல்லிய கல். பெரிய செயினுக்கு நடுத்தரக் கல். தடித்த கல் பல்லைத் தொடாது. பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்னத் திமிலை மட்டும் இறக்கும்.

கல்லை மாட்டுவதற்கு முன் அவர் அதை விரலில் தொங்கவிட்டு, திருப்புளியின் மரப்பிடியால் தட்டுவார். மணிபோல ஒலித்தால் மாட்டுவார். மொத்தென்று ஒலித்தால் உள்ளே விரிசல் என்று கீழே வைத்துவிடுவார். தூக்கத்தில் என் விரலும் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறது என்று என் மனைவி சொல்வாள். அப்போது அவள் இருந்தாள்.

ஓர் ஆடி மாதக் காற்றில், மேல் எஸ்டேட்டில் ஒரு சில்வர் ஓக் மரம் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றின் மேல் சாய்ந்து நின்றது. மரம் அறுக்கும் பொன்னுரங்கம் விடியற்காலையில் செயினைக் கொடுத்துவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் மரத்தை இறக்க வேண்டும், வடம் கட்டி இழுத்து வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பள்ளத்தில் விழ வைக்க வேண்டும் என்றார். மேஸ்திரி எஸ்டேட் ஆபீசுக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்.

கல்லின் முகத்தில் இரும்புத்தூள் அடைத்துப் பளபளத்தது. தேய்ப்புக்கட்டையால் சுரண்டி முகத்தைத் திறந்த பிறகுதான் சாணை பிடிக்க வேண்டும். அவசரத்தில் சுரண்டவில்லை. கல் வெட்டவில்லை. அழுத்தினேன். பொறி கொட்டியது. கதவு வழியாக உள்ளே வந்திருந்த பனிக்குள் அந்தப் பொறிகள் மெல்ல மெல்ல இறங்கின.

பல்லைப் பார்த்தேன். சூட்டில் மயில் கழுத்து நீலம் பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அழகாக இருந்தது. அடுத்த பல்லிலும் அது வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. ஏழாவது பல்லில்தான் எனக்கு விழிப்பு வந்தது.

செயினில் பல் இடமும் வலமுமாக மாறி மாறி இருக்கும்; இந்த ஏழும் ஒரே பக்கத்துப் பற்கள். நீலம் பிடித்த பல் பதம் போன பல். பார்வைக்குக் கூராக இருக்கும், கொஞ்சம் அறுத்ததும் மழுங்கிவிடும். ஒரு பக்கம் மழுங்கினால் வெட்டு வளையும். வெட்டு வளைந்தால் மரம் நாம் நினைத்த பக்கம் விழாது. எல்லாம் எனக்குத் தெரியும்.

கல்லைச் சுரண்டினேன். மீதி இருபத்தொன்பது பல்லையும் ஒழுங்காகப் பிடித்தேன். அந்த ஏழையும் உப்புத்தாளால் தேய்த்தேன். நீலம் போய் வெள்ளை வந்தது.

மேஸ்திரி வந்து செயினைக் கையில் எடுத்தார். ஜெபமாலை உருட்டுவதுபோல ஒவ்வொரு பல்லாக விரலில் நகர்த்தினார். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது.

“சரியா இருக்காண்ணே?”

“சரியா இருக்கு மேஸ்திரி.”

“அப்ப வாங்க. நாமளே குடுத்துட்டு வருவோம்.”

தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை. முன்னால் அவர் முதுகு தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.

அந்த லைன் வீட்டில் பிள்ளை பெற்று எட்டு நாளான பெண் ஒருத்தி படுத்திருந்தாள். மரம் இறங்கும்வரை வெளியே இருங்கள் என்று பொன்னுரங்கம் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். மாமியார்க்காரி மசியவில்லை. மரம் விழுந்தால் விழட்டும், பச்சை உடம்பில் மழை விழக் கூடாது என்றாளாம்.

மேஸ்திரி செயினைப் பொன்னுரங்கத்திடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனார். மாமியாரிடம் இரண்டு டீ கேட்டார். முன்னறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்துத் தரையைக் கையால் தட்டினார்.

“உக்காருங்கண்ணே.”

உட்கார்ந்தேன். டீ வந்தது. ஓட்டின் மேல் மரத்தின் இலைகள் உரசும் சத்தம் கேட்டது. உள்ளறையில் பிள்ளை சிணுங்கியது. வெளியே பொன்னுரங்கம் செயினை மாட்டி இறுக்குவதும் கேட்டது. மேஸ்திரி டீயை ஊதி ஊதிக் குடித்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

பொன்னுரங்கம் மெஷினைக் கிளப்பும் கயிற்றை ஒரு தடவை இழுத்தார். மெஷின் பிடிக்கவில்லை.

நான் எழுந்துவிட்டேன். டீ தரையில் சிந்தியது. வெளியே போய் நிறுத்தச் சொன்னேன். மழையில் நின்றுகொண்டு ஏழு பல்லையும் சொன்னேன், உப்புத்தாளையும் சொன்னேன்.

பொன்னுரங்கம் மெஷினைக் கீழே வைத்தார். பிறகு செயினைக் கழற்றினார்.

“எங்க பாட்டிகூட மூக்குப்பொடியை இவ்வளவு நல்லா மறைச்சதில்ல,” என்றார்.

கடைக்குத் திரும்பினோம். நீலம் போன ஆழம்வரை அந்த ஏழையும் இறக்கினேன். கல் தொட்டதும் எடுக்க வேண்டும், தொட்டதும் எடுக்க வேண்டும். ஏழும் குட்டையாகிவிட்டன. பிறகு அவற்றின் அளவுக்கு மற்ற எல்லாப் பல்லையும் இறக்கச் சொன்னார் மேஸ்திரி. நல்ல பல்லும் சேர்ந்து தேய்கிறதே என்றேன். குட்டைக்கு நெட்டைதான் இறங்கி வர முடியும் என்று மட்டும் சொன்னார்.

மூன்று மணிக்கு மரம் இறங்கியது. பள்ளத்துப் பக்கம், பொன்னுரங்கம் கை காட்டிய இடத்தில். மண் அதிர்ந்தது. வீட்டுக்குள் பிள்ளை அழுதது, மாமியார் யாரையோ திட்டினாள்.

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்த பிறகுதான் கேட்டேன். செயினைக் கையில் எடுத்தபோதே உங்களுக்குத் தெரியும்தானே என்றேன். தெரியும் என்றார்.

“நான் எந்திரிக்காம இருந்திருந்தா, மேஸ்திரி?”

அவர் நின்றார். தேயிலைக்கு மேலே பனி மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது.

“நான் எந்திரிச்சிருப்பேன். ஆனா அதுக்கப்புறம் நீங்களும் நானும் ஒண்ணா உக்கார முடியாதேண்ணே.”



அந்த மரத்தின் அடிக்கட்டை இன்னும் இருக்கிறது. பாதி மக்கிவிட்டது. முழங்கால் உயரம்; இரண்டு பேர் உட்காரலாம்.