கரிக்கோடு போடாத கழுதை

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. கோடையில் காடு முழுவதற்கும் அது ஒன்றுதான் தண்ணீர். மானும் பன்றியும் காட்டெருமையும் முயலும் அங்கேதான் குடிக்கும். கரையிலிருந்த மருதமரத்தின் உச்சியில் ஒரு மந்தி காவல் இருக்கும். கோரைப்புல்லுக்குள் கறுப்புக் கோடு அசைந்தால் போதும், "கோடு! கோடு!" என்று கத்தும். கோடு என்றால் புலி. அடுத்த நொடியில் கரையில் ஒரு குளம்புகூட இருக்காது.

இந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்கு மட்டும் வருத்தம். ஒன்று, பட்டினி கிடந்த புலி. மற்றொன்று, புலி தின்ற மிச்சத்தில் பிழைத்துவந்த நரி.

"ஐயா, உங்கள் உடம்பிலுள்ள கோட்டை அழிக்க முடியாது," என்றது நரி ஒருநாள். "ஆனால் மற்ற எல்லோருக்கும் கோடு போட்டுவிடலாமே!"

புலி யோசித்தது. அதற்கு அது பழக்கமில்லாத வேலை. சற்று நேரம் பிடித்தது. பிறகு மீசை துடிக்க, "போடு!" என்றது.

மறுநாள் நரி ஒரு பாறைமேல் ஏறி நின்றது.

"கேளுங்கள்! புலியார் மனம் திரும்பிவிட்டார்! இனிமேல் சொந்தக்காரர்களைத் தின்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார். புலிக்கோடு போட்டுக்கொள்கிற எல்லோரும் அவருக்குச் சொந்தக்காரர்கள்! கோடு போடாதவர்களுக்குக் குளத்தில் தண்ணீர் கிடையாது!"

"நிஜமாகவே தின்ன மாட்டாரா?" என்று கேட்டது முயல்.

"சொந்தக்காரரை யாராவது தின்பார்களா?"

முயலுக்குத் தன் சொந்தக்காரர்களைப் பற்றி வேறு கருத்து இருந்தது. ஆனால் கூட்டத்தில் அதைச் சொல்லவில்லை.

காட்டுத்தீயில் வெந்த மரத்தின் கரியையும் வேப்பம்பிசினையும் நரி ஓர் உடைந்த பானையில் குழைத்து வைத்தது. நசுக்கிய ஈச்சமட்டைதான் தூரிகை. முதலில் வந்தவர்கள் பயத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்து வந்தவர்கள், மற்றவர்கள் எல்லாம் போட்டுக்கொண்டார்களே என்ற வெட்கத்தில். கடைசியில் வந்தவர்கள், கோடு தங்களுக்கு எடுப்பாக இருக்கிறது என்றார்கள். ஒரு வழக்கம் ஊரைப் பிடிப்பது இந்த வரிசையில்தான். அறிஞர்கள் இதை இன்னும் நீளமாக எழுதுவார்கள்.

புள்ளிமானின் புள்ளிகளுக்கு மேல் கோடு விழுந்ததும் அது துவைத்துச் சாயம்போன ஜமுக்காளம் போல ஆயிற்று. முள்ளம்பன்றி கோபப்பட்டபோதெல்லாம் அதன் கோடுகள் நிமிர்ந்து நின்றன. கோடு கலைந்துவிடுமே என்று இப்போது யாரும் குளத்தில் இறங்குவதில்லை. கரையில் மண்டியிட்டு, உதட்டை மட்டும் நனைத்துக் குடித்தார்கள்.

மருதமரத்து மந்திதான் திண்டாடியது. "கோடு! கோடு!" என்று அது கத்த, கீழேயிருந்து பன்றி சீறியது.

"யாரைச் சொல்கிறாய்? என்னையா? உன் கண்ணில் என்ன புண்ணா? சொந்தக்காரரைப் பார்த்துக் கத்துகிறாயே!"

மந்திக்கு அவமானமாகிவிட்டது. கத்துவதை நிறுத்தியது. இறங்கி வந்து தானும் கோடு போட்டுக்கொண்டது.

போட்டுக்கொள்ளாதது சலோமி மட்டும்தான்.

சலோமி ஒரு கழுதை. கழுதை முட்டாள் என்று எழுதிவைத்தவர்கள் பலர். அவர்களில் எவரும் கழுதையோடு இரண்டு வார்த்தை பேசிப்பார்த்ததாகத் தெரியவில்லை. சலோமி முன்பு ஓர் உபதேசியாரிடம் இருந்தது. மலைக் கிராமங்களுக்கு அவருடைய ஆர்மோனியத்தையும் வேதப்புத்தகங்களையும் சுமந்து போனது. ஏற்றத்தில் அவர் மறுநாள் பிரசங்கத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். ஆக, அவருடைய பிரசங்கங்களை முழுக்கக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான். சபையார் பாதியில் தூங்கிவிடுவார்கள். குருத்தோலை ஞாயிறன்று பவனிக்கு முன்னால் நடப்பதும் சலோமிதான். உபதேசியார் பழைய மொபெட் ஒன்றை வாங்கியபோது, சலோமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதுவிட்டு, காட்டோரம் அவிழ்த்துவிட்டார்.

சலோமியின் முதுகு நெடுக ஒரு கருங்கோடு உண்டு. தோள்களின் குறுக்கே இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் சிலுவை. ஆண்டவர் எருசலேமுக்குள் வந்தபோது கழுதைமேல் ஏறி வந்தார், அந்த அடையாளம் வம்சத்துக்கே தங்கிவிட்டது என்று உபதேசியார் பிள்ளைகளுக்குச் சொல்லுவார். விலங்கியல் படித்தவர்கள் இதற்கு வேறு காரணம் சொல்லக்கூடும். சலோமி விலங்கியல் படித்ததில்லை.

"அக்கா, ஏன் இந்தப் பிடிவாதம்?" என்று கேட்டது செம்பி. செம்பி என்பது அதன் தோழியான புள்ளிமான். "உங்களுக்குத்தான் ஏற்கெனவே இரண்டு கோடு இருக்கிறதே! கூட நாலு கோடு போட்டால் என்ன குறைந்துவிடும்?"

"அந்த இரண்டும் நான் போட்டுக்கொண்டது இல்லை, செம்பி."

"மனசுக்குள்ளே உங்கள் ஆண்டவரைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள். வெளியே கரியைப் பூசிக்கொள்ளுங்கள். மனசுக்குள்ளே யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?"

"அவர் பார்ப்பாரே," என்றது சலோமி.

செம்பிக்குக் கோபம் வந்தது. "தாகத்தில் நாக்குத் தொங்கும்போது தெரியும்!" என்று சொல்லிவிட்டுப் போனது.

நாக்குத் தொங்கத்தான் செய்தது. குளத்துப் பக்கம் போனால் காட்டெருமைகள் கொம்பைக் காட்டின. "கோடில்லாத கோவேறு!" என்று முயல்குட்டிகள் கத்தின, கழுதை வேறு, கோவேறு கழுதை வேறு என்று அவற்றுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சலோமி பனித்துளியை நக்கியது. கற்றாழையைக் கடித்து முகத்தைச் சுளித்தது. ஒரு காலையில் நிற்கவே கால் நடுங்கியது.

'ஆண்டவரே, வெறும் கரிதானே,' என்று அது முனகியது. முனகிக்கொண்டே நரியின் பானையை நோக்கி நடந்தது.

"வாருங்கள், வாருங்கள் சலோமியம்மா!" என்று நரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. விலங்குகள் கூடிவிட்டன. கூட்டம் விலக, புலியும் வந்து உட்கார்ந்தது. நரி தூரிகையைத் தோய்த்தது. "முதலில் முதுகிலிருக்கும் இந்தப் பழைய கோட்டைக் கரியால் மறைத்துவிடலாம். அது இருந்தால் புலியாரின் கோடு எடுபடாது."

சலோமி சட்டென்று விலகி நின்றது.

"வேண்டாம்," என்றது.

"தண்ணீர்?" என்றது நரி.

"தண்ணீர் வேண்டும். கரி வேண்டாம்."

புலி எழுந்தது. "என் கோட்டில் உனக்கு என்ன குறை, கழுதையே?"

சலோமிக்கு வாய் உலர்ந்திருந்தது. இருந்தும் சொன்னது:

"ஐயா, இந்த முதுகு ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தம். அவரும் ராஜாதான். அவர் முதுகில் ஏறினார், என் வம்சத்துக்கு மரியாதை வந்தது. நீங்கள் முதுகில் ஏறினால் என் கதை முடிந்துவிடும். இரண்டு பேருக்கும் ஒரே முதுகைக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு உடனே இருமினார்கள். புலியின் நகம் வெளியே வந்தது. நரி அதன் காதில் அவசரமாக ஏதோ சொன்னது. மனம் திரும்பிய புலி எல்லோரும் பார்க்க ஒரு கழுதையைக் கிழித்தால் அத்தனை கரியும் வீண். நகம் மெல்ல உள்ளே போனது.

"போ," என்றது புலி, தேனாக. "உயிரை எடுக்க மாட்டேன். தண்ணீரும் தர மாட்டேன்."

சலோமி போனது. செம்பி தலையைத் திருப்பிக்கொண்டது.

காட்டாறு அந்தக் கோடையில் வெறும் மணல். சலோமி அதன் நடுவில் நின்று முன்னங்காலால் குழி பறித்தது. மணல் சரிந்தது. மறுபடி பறித்தது. மறுபடி சரிந்தது. "தண்ணீர் தாரும்" என்று வேண்ட அதற்குத் தோன்றவில்லை. "இந்தக் குளம்பு தேய்வதற்குள் தாரும்" என்று மட்டும் வேண்டியது. வெயில் ஏறியது. முழங்கால்வரை குழி இறங்கியபோது மணல் கறுத்தது. பிறகு ஈரமானது. பிறகு ஒரு கையளவு தண்ணீர் கண் திறப்பது போலத் திறந்தது. சலோமி குடித்தது. அத்தனையையும் குடித்துவிட்டுப் பார்த்தால், அதே அளவு மறுபடி ஊறியிருந்தது. ஒரு கழுதை பாடினால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்படிப் பாடியது.

குளத்தங்கரையில் கதை வேறாக இருந்தது. ஒரு முயலைக் காணவில்லை. "மாமியார் வீட்டுக்குப் போயிருக்கும்," என்றது நரி. ஒரு மான்கன்றைக் காணவில்லை. "ஊர் சுற்றும் வயசு," என்றது நரி. நரி மட்டும் நாளுக்கு நாள் கொழுத்தது. அதையும் யாரும் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் செம்பி மூச்சிரைக்க ஊற்றுக்கு ஓடிவந்தது.

"அக்கா! அக்கா! பக்கத்தில் யாரோ குனிந்து குடித்தார்கள். 'தள்ளி நில்லுங்கள் அண்ணே, என் கோட்டில் தெறிக்கிறது' என்றேன். அண்ணன் தள்ளித்தான் நின்றார். எனக்கு அடுத்து நின்ற பன்றியை வாயில் கவ்விக்கொண்டு!"

"யாரும் பார்க்கவில்லையா?"

"எல்லோரும் பார்த்தார்கள். சொந்தக்காரர்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். பன்றியைப் புதரில் போட்டுவிட்டு அது மறுபடி கரைக்கு வந்துவிட்டது, அக்கா! கூட்டத்துக்குள்ளேதான் இருக்கிறது. எது புலி, எது நாம் என்றே தெரியவில்லை!" சொல்லும்போதே செம்பி அழுதது.

சலோமி தன் ஊற்றைப் பார்த்தது. தண்ணீர் இருக்கிறது. நிழல் இருக்கிறது. துரத்தியவர்கள் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு நினைப்பு எழுந்தது. நல்ல சுகமான நினைப்பு. ஆனால் உபதேசியாரின் கழுதையாக இருந்ததில் ஒரு தொல்லை உண்டு. துரத்தியவர்களுக்காகவே செத்த ஒருவரைப் பற்றி எத்தனையோ ஏற்றங்களில் கேட்டாகிவிட்டது. கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

"நட," என்றது சலோமி.

கரையில் கோடு போட்ட முதுகுகள் நெருக்கியடித்து நின்றன. சலோமி அவற்றைப் பிளந்துகொண்டு நேராகக் குளத்தில் இறங்கியது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தன் முழுத் தொண்டையையும் திறந்தது.

"உங்களுக்கு நடுவில் புலி நிற்கிறது! எல்லோரும் தண்ணீரில் இறங்குங்கள்! கோட்டைக் கழுவுங்கள்! கழுவியும் போகாத கோடு யாருக்கு இருக்கிறதோ, அதுதான் புலி!"

"நம்பாதீர்கள்!" என்று அலறியது நரி. "கோட்டை அழித்தவர் சொந்தக்காரர் இல்லை! அப்புறம் என்ன நடந்தாலும் என்னைக் கேட்கக் கூடாது!"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. முதல் ஆளாக இறங்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

செம்பி குளத்தில் குதித்தது. கரி ஓடி, புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அதைப் பார்த்து மந்தி குதித்தது. அப்புறம் ஒரு காட்டெருமை. அப்புறம் குளமே கறுத்துப்போகிற அளவுக்கு எல்லோரும்.

கரையில் இரண்டு பேர்தான் நின்றார்கள். ஒருவர் நரி. மற்றவர் உடம்பு முழுக்கக் கோடு.

புலி பாய்ந்தது. செம்பிமேல் பாயவில்லை, சலோமிமேல்தான் பாய்ந்தது. ஒரே அறையில் கழுதையின் இடது காது கிழிந்து தொங்கியது. அடுத்த அறை விழவில்லை. கழுவிய காட்டெருமைகள் எல்லாம் கொம்பைத் தாழ்த்தி வரிசையாக வந்துகொண்டிருந்தன. சொந்தக்காரர்கள் இத்தனை பேர் ஒன்றாக வருவதைப் புலி அதுவரை கண்டதில்லை. அது மலையேறி ஓடியது. நரி அதற்கும் முன்னால் ஓடியது.

மறுநாள் காலை விலங்குகள் எல்லாம் ஊற்றுக்கு வந்தன. சலோமி தலையை நிமிர்த்திப் பார்த்தது. கிழியாத காது விறைத்து நின்றது. வந்த அத்தனை பேர் முதுகிலும் கரியால் ஒரு சிலுவை!

"இது என்ன?"

"உங்கள் கோடுதான், அக்கா!" என்றது மந்தி பெருமையாக. "நேற்றே எல்லோரும் போட்டுவிட்டோம். முயல் மட்டும் யோசித்தது. போடாவிட்டால் சேர்க்க மாட்டோம் என்று நாலு வார்த்தை சொன்னோம். போட்டுவிட்டது!"

சலோமிக்குச் சிரிப்பு வந்தது. காது வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டது.

"போய்க் கழுவிவிட்டு வாருங்கள்! இது பானையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிற காரியம் இல்லை. என் ஆண்டவர் யார் என்று கேட்க ஆசையிருந்தால் உட்காருங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆசையில்லாவிட்டால் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். இங்கே குடிப்பதற்கு முதுகை யாரும் பார்க்க மாட்டார்கள். முயலே, நீ முதலில் குடி."

முயல் குடித்தது. சிலர் குடித்துவிட்டுப் போனார்கள். செம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தது. "சொல்லுங்கள் அக்கா," என்றது.

ஊரோடு ஒத்துப்போவதற்காகப் பூசிக்கொண்ட வேஷம் ஆபத்தில் யாரையும் காப்பாற்றாது. ஆண்டவருக்காகத் தனியே நிற்கத் துணிந்த ஒருவரோ, தன்னைத் தள்ளிவைத்த ஊரையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார்.