மாமரத்துக் கிளியும் வெண்கலப் பதுமையும்

முன்னொரு காலத்தில், அரியணையில் இருக்கும் அரசர் தம் உடம்பைத் தாமே சொறியக்கூடாது என்று முறை வைத்திருந்த ஒரு நாட்டில், அரசருக்குப் பேசும் பதுமைமேல் ஆசை வந்தது. கன்னார் தெருச் செம்பாயி வெண்கலத்தில் ஒன்றை வார்த்தாள். நாட்டிலிருந்த ஏடுகளையெல்லாம் அதன் காதில் ஓதவைத்தாள். பதுமை வாய் திறந்து பேசியது.

அதைச் சபைக்குக் கொண்டுபோக விகடகவி ஆவுடையான் வந்தான்.

"ஐயா, இது ஏட்டுல கேட்டதைக் கோத்துச் சொல்லும்" என்றாள் செம்பாயி. "ஓலை எழுதச் சொல்லுங்க, கதை கேளுங்க, நல்லாச் செய்யும். கண்ணால பாக்க வேண்டியதைக் கேட்டா, பாத்த மாதிரியே எதையாவது சொல்லிப்புடும். இதையும் சபையில சொல்லிருங்க."

"சொல்லாம இருப்பனா தாயி?" என்றான் அவன்.

சபையில் எல்லாக் கண்களும் அவன்மேல் இருந்தன. "அரசே, இது அறியாதது ஈரேழு உலகிலும் இல்லை" என்றுவிட்டான். கைதட்டல் எழுந்தது. அந்தச் சத்தத்தோடு செம்பாயியின் பேச்சை அவன் விழுங்கிவிட்டான்.

சில நாளில் அரசரின் செல்லக் கிளி பறந்துபோனது. எங்கே என்று கேட்டார். "தோப்பின் மேற்கு மூலை மாமரத்தில், உச்சிக் கிளையில்" என்றது பதுமை, கண்டதுபோல. கிளி வேறு யார் கைக்கும் வராது. அதனால் அரசரே மரம் ஏறினார். உச்சியில் கிளி இல்லை; முசுற்றெறும்புக் கூடு இருந்தது. அங்கியைப் பிய்த்தெறிந்துகொண்டு அவர் கீழே குதித்தபோது, தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள். அதுதான் அரசரைச் சுட்டது.

மறுநாள் சபை கூடியது. ஆவுடையான்மேல் நெடுநாள் புகைச்சல் கொண்ட பிரதானி அனந்தப்பர் எழுந்தார்.

"அரசே, அறியாதது இல்லை என்று சொன்னவர் இங்கேதான் இருக்கிறார். பொழுது சாய்வதற்குள் அவரே பதுமையைத் திருத்தட்டும். இல்லையேல், செய்தவளை நாடு கடத்துவோம். விகடகவியையும் துணைக்கு அனுப்பலாம். வழியில் சிரிக்க ஆள் வேண்டுமே."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

இரண்டு காவலருக்கு நடுவே செம்பாயி நின்றாள். 'சபையில் சொன்னீர்களா' என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆவுடையானுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அவன் அரசர் பக்கம் திரும்பினான். "அரசே, பிழை என்னவென்று பதுமையிடம் சொன்னீர்களா?" என்று கேட்டான்.

"சொன்னேன். மூடப் பதுமையே என்றேன்."

"பிரதானியார்?"

"உதவாக்கரை என்றேன்."

"நான் ஓர் உதை கொடுத்தேன்" என்றார் தளபதி.

இதற்குள் எறும்பு கடித்த இடம் அரசரின் முதுகில் அரித்தது. அரசருக்குச் சொறியும் பெருமைக்குரிய தந்தக் கோலோடு அனந்தப்பர் முன்னால் வந்தார். ஆவுடையான் கைநீட்டினான்.

"இன்று ஒருநாள் அந்தப் பேறு அடியேனுக்குக் கிடைக்கட்டும், அரசே."

"யாராவது சொறியுங்கள்" என்றார் அரசர்.

ஆவுடையான் அவருடைய முழங்காலைச் சொறிந்தான்.

"அங்கே இல்லை."

காதோரம் சொறிந்தான்.

"மூடனே."

கோலை நிறுத்தி, வணக்கமாகக் கேட்டான். "மூடன் என்றால் மேலேயா, கீழேயா, அரசே?"

"உதவாக்கரை" என்றார் அரசர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உதவாக்கரை வலப்பக்கமா, இடப்பக்கமா?"

தளபதி காலைத் தூக்கினார். "உதையும் திசை சொல்லாது, தளபதியாரே" என்றான் ஆவுடையான்.

"இடது தோளுக்குக் கீழே" என்று அரசர் கதறினார். "நாலு விரல் உள்ளே தள்ளி. மெல்ல."

கோல் நேராக அங்கே போயிற்று. அரசரின் கண்கள் செருகின.

"இப்போது திருந்திவிட்டேனா, அரசே?"

அரசரின் காதுமடல் சிவந்தது. அவர் பதுமையின் பக்கம் திரும்பினார்.

"கிளி எங்கே என்று கேட்டேன். மாமரம் என்றாய். நீ தோப்பைப் பார்த்ததில்லை. பார்க்காததைக் கேட்டால், அறியேன் என்று சொல். இப்போது சொல், கிளி எங்கே?"

"அறியேன், அரசே. தோப்புக் காவலரைக் கேளுங்கள்."

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி ஆவுடையானிடம் நீட்டினார். அவன் கழுத்தை நீட்டவில்லை.

"அரசே, இதன் எல்லையைச் செம்பாயி முன்பே சொன்னாள். கைதட்டலுக்காக நான் மறைத்தேன்."

அனந்தப்பர் முகம் மலர்ந்தது. அரசர் ஆவுடையானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியானால் என்னைக் கடித்த எறும்புகளில் பாதி உன்னுடையவை" என்றார். தம் பேச்சுக்குத் தாமே சிரிக்கத் தொடங்கி, வயிறு குலுங்கச் சிரித்தார். "இப்போதாவது சொன்னாயே, அதற்கு இந்த மாலை. அவளை விடுங்கள்."

அரண்மனை வாசலைத் தாண்டியதும் ஆவுடையான், "தாயி..." என்று இழுத்தான்.

"அது கெடக்கட்டும்" என்றாள் செம்பாயி, திரும்பிப் பாராமல். "இந்தப் பத்து நாளா சபையில அதுகிட்ட யார் யார் என்ன கேட்டாங்க, அது என்ன சொல்லுச்சு, எங்க தப்பாப் போச்சு? கேட்டது கேட்டபடி சொல்லுங்க. நீங்களா ஒண்ணும் சேக்காதீங்க."

மாலையைத் துண்டால் மூடிக்கொண்டு, அவன் சொல்லத் தொடங்கினான்.