முத்திரை பதித்த சரக்கு

முன்பொரு சமயம், கடற்கரை நாடு ஒன்றை ஆண்ட ராஜாவுக்கு முத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. அதைக் கேள்விப்பட்ட தீவரசன், நெல்லுக்கு முத்து தருவதாக ஒப்பந்த ஓலை எழுதி, கப்பலில் தூதனை அனுப்பிவைத்தான்.

ஊர்ப் பிரதிநிதிகளின் பெருஞ்சபை விசாரிக்காமல் எந்த ஒப்பந்தமும் செய்வதில்லை என்பது அந்நாட்டு வழக்கம். சபையார், "தீவில் முத்துக் குளிப்பவர்களை அடிமைகளாக வைத்திருப்பதாகக் கேள்வி. அதை விசாரிக்க வேண்டும்" என்றார்கள்.

மந்திரி வில்லவராயர் குறுக்கிட்டார். "மகாராஜா, வணிகத்தில் சரக்கைத்தான் பார்க்க வேண்டும். தீவரசரின் முத்திரை பதித்த சரக்கு அனைத்தையும் சபைக்குக் கொண்டுவந்து பார்க்கட்டும். மனிதர்களைப் பற்றி யாரும் பேசக் கூடாது." விகடகவி தேனப்பன் மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை. "தேனப்பனே சரக்கைச் சோதிக்கட்டும். குறை காணாவிட்டால் அரண்மனையை விட்டுப் போகட்டும்" என்றும் சேர்த்துக்கொண்டார். ஆசை மிகுந்த ராஜா அப்படியே ஆணையிட்டார்.

தேனப்பன் துறைமுகத்துக்குப் போனார். முத்துகளில் ஒரு குறையும் இல்லை. பைகளில் தீவரசனின் மீன் முத்திரை இருந்தது. சோர்ந்து திரும்பும்போது, தண்ணீர் குடிக்க வந்த தீவுக் கப்பலின் துடுப்புக்காரன் ஒருவனின் தோளைப் பார்த்தார். அங்கும் அதே மீன் முத்திரை, சூடு வைத்த தழும்பாக. உடனே காவலர்களை அழைத்து, ராஜாவின் ஆணையைச் சொன்னார்.

மறுநாள் சபையில் முத்துப் பைகளுக்குப் பக்கத்தில் துடுப்புக்காரர்கள் வரிசையாக நின்றார்கள்.

"சரக்கைக் கேட்டால் யாரை அழைத்து வந்திருக்கிறீர்?" என்று சீறினார் மந்திரி.

"முத்திரை பதித்த எதையும் நான் விடவில்லை, மந்திரியாரே."

"உமக்குக் கண் தெரியவில்லையா? இவர்கள் மனிதர்கள்."

தேனப்பன் ராஜாவை நோக்கிக் கைகூப்பினார். "மகாராஜா, மனிதர்களைப் பற்றிப் பேச எங்களுக்கு அனுமதியில்லை. மந்திரியாரே பேசிவிட்டார். இனி சபையும் பேசலாமா?"

ராஜா சிரிக்கவில்லை. இறங்கி வந்து ஒருவனின் தோளிலிருந்த தழும்பைப் பார்த்தார். "உன் பெயர் என்னப்பா?"

"சாத்தனுங்க. முத்துக் குளிக்கிற ஆளு, கப்பல் கிளம்பினா துடுப்பும் போடணும். நாங்க ஓடிப் போயிடக் கூடாதுன்னுதான் இந்தச் சூடு. மூச்சு முட்டி சீக்கிரம் மேல வந்தா அடி விழும்."

ராஜா தலைகுனிந்தார். பிறகு ஓலையைத் தூதனிடமே திருப்பிக் கொடுத்தார். "முத்துக் குளிப்பவர்களை விடுவித்துக் கூலி கொடுக்கட்டும். எங்கள் சபையார் நேரில் வந்து பார்த்துச் சரியென்று சொன்னால் ஒப்பந்தம். இவர்கள் இனி எங்கள் விருந்தினர்."

தூதன் திகைத்தான். "அப்படியானால் என் கப்பலுக்குத் துடுப்புப் போடுவது யார்?"

"கூலி கொடுத்தால் இங்கே ஆள் கிடைக்கும்" என்றார் தேனப்பன். "கொடுக்க மனமில்லையென்றால் மந்திரியாரை அழைத்துப் போங்கள். உங்கள் வணிகத்தில் அவருக்குத்தான் அக்கறை அதிகம்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தம் கைக் கடகத்தைக் கழற்றித் தேனப்பனுக்கு அணிவித்தார். அன்று மதியம் அரண்மனைப் பந்தியில் சபையாரோடு சாத்தனும் அவன் கூட்டாளிகளும் உட்கார்ந்து, அவசரமில்லாமல், வேண்டும் வேண்டும் என்று கேட்டுச் சாப்பிட்டார்கள்.